கார் ஒன்று ஊரில், இன்னொன்று சபரில்: வெளிநாடு போகிறவர்களுக்கான வாகனக் காப்பீட்டு வழிகாட்டி

என் லாத்தா (அக்கா) மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. பயணத்துக்கு 20 நாள் இருக்கும்போது வீட்டுக்கு வந்தான். "மாமா, அங்கே போய்க் கார் எடுத்தால் ஃபுல் இன்சூரன்ஸ் போட்டுவிடுவேன். அப்புறம் எதற்கும் கவலை இல்லைதானே?" என்று கேட்டான். கீழக்கரையில் அவன் வீட்டு வாசலில் அவன் பெயரில் ஒரு ஸ்விஃப்ட் நிற்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எனக்கோ அந்த ஸ்விஃப்ட்டைப் பற்றித்தான் முதல் கவலை.

நான் 11 வருடம் அமீரகத்தில் இருந்தவன். வண்டி விஷயத்தில் சிக்கிக்கொண்ட நம்மூர்ப் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்களிடம் பாலிசி இருந்தது. அவர்கள் செய்த காரியத்துக்கு அந்தப் பாலிசி பொருந்தவில்லை, அவ்வளவுதான். பெரியபட்டினம், பனைக்குளம், புதுமடம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் வீட்டுக்கு ஒருவர் சபரில் (வெளிநாட்டு வேலையில்) இருக்கும் ஊர்களில் இதை யாராவது உட்கார்ந்து விளக்கிச் சொல்ல வேண்டும். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: நான்கு கேள்விகளை மனதில் வையுங்கள்

காப்பீடு வண்டிக்கு மட்டும் எழுதப்படுவதில்லை. எந்த வண்டி, யார் ஓட்டுகிறார், எதற்காக ஓடுகிறது, எந்த எல்லைக்குள் ஓடுகிறது: இந்த நான்கும் சேர்ந்துதான் ஒரு பாலிசி. இதில் ஒன்று மாறினாலும் கையில் இருக்கும் காகிதம் உதவாமல் போகலாம். வெளிநாடு போகிறவருக்கு நான்குமே ஒரே மாதத்தில் மாறுகின்றன என்பதுதான் சிக்கல்.

'ஃபுல் இன்சூரன்ஸ்' என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். எந்த நாட்டிலும் எந்தப் பாலிசியும் எல்லாவற்றையும் காப்பதில்லை. சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டியால் அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ பொருளுக்கோ வரும் இழப்பை அது ஈடுகட்டும். நம் வண்டிக்கு நேரும் சேதத்தையும் சேர்த்துக் காப்பதைக் கம்ப்ரிஹென்சிவ் என்கிறோம். அதற்கும் விலக்குகள் பக்கம் பக்கமாக இருக்கும்.

இரண்டாம் படி: ஊரில் நிற்கும் காருக்கு ஒரு முடிவு கட்டுங்கள்

இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆகவே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் துபாயில் இருந்தாலும், ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், உங்கள் பெயர் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அது உங்கள் வண்டி. தம்பி ஓட்டி ஒருவர்மீது மோதினாலும் வழக்கில் உரிமையாளராக உங்கள் பெயர் வரும். வண்டியை விற்றுப் பணத்தை வாங்கிவிட்டு, பெயர் மாற்றாமல் போனவர்களுக்கும் இதே கதிதான். 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவில் பெயர் இருப்பவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே.

ஆகவே விற்பதானால் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாறி, புது ஆர்.சி.யின் நகல் உங்கள் கைக்கு வந்த பிறகு விமானம் ஏறுங்கள். "அவர் மாற்றிக்கொள்வார்" என்று நம்பி வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். தம்பிக்கோ மச்சானுக்கோ கொடுத்தாலும் இதே முறைதான். வாங்குகிறவர் 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துப் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும்.

விற்கும்போது பலர் மறந்துபோகும் ஒன்று உண்டு: நோ கிளைம் போனஸ். கிளைம் செய்யாத, அதாவது சேதத்துக்குப் பணம் கேட்காத, வருடங்களுக்குச் சொந்த சேதப் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை கிடைக்கும் தள்ளுபடி அது. அது வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. விற்ற கையோடு நிறுவனத்திடம் நோ கிளைம் போனஸ் கடிதம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 3 வருடத்துக்குள் ஊரில் புது வண்டி எடுத்தால் அந்தத் தள்ளுபடியை அதில் சேர்த்துக்கொள்ளலாம். வண்டியை வைத்துக்கொள்வதானால், பாலிசி முடிந்த 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த போனஸ் முழுக்கப் போய்விடும். வருடம் ஒருமுறை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு 90 நாள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். புதுப்பிக்கும் தேதியைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். நிறுவனத்தில் கொடுத்திருக்கும் எண் ஊர் சிம் என்றால், நீங்கள் போனபின் அந்த சிம் யாரிடம் இருக்கும் என்பதையும் யோசியுங்கள். நினைவூட்டல் அதற்குத்தான் வரும்.

சரி, வண்டியை விற்கவில்லை, வீட்டில் உம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும், தம்பி ஓட்டுவான் என்கிறீர்களா? இந்தியாவில் செல்லுபடியாகும் உரிமம் உள்ள யார் ஓட்டினாலும், உங்கள் அனுமதி இருந்தால், பாலிசி பொருந்தும். ஆனால் பிரீமியத்தோடு நீங்கள் கட்டும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உரிமையாளரான உங்களுக்கு மட்டும். ஓட்டுகிற தம்பிக்கு அது கிடைக்காது. அவனுக்கும் வண்டியில் வரும் வீட்டாருக்கும் தனியாக விபத்துக் காப்பு சேர்க்க வேண்டும். செலவு பெரிதல்ல, செய்துவிடுங்கள்.

அடுத்தது, இந்தக் கரைக்கே உரிய ஆபத்து. ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வருகிறவர்களை ராமநாதபுரம் ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு, பாம்பன் பாலம், கோயில், தனுஷ்கோடி என்று சுற்றிக்காட்டி வர வண்டிக்கு எப்போதும் தேவை இருக்கிறது. வீட்டில் சும்மா நிற்கும் ஒயிட் போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை, "ஒரு நாள்தானே காக்கா (அண்ணா), டீசலுக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும்" என்று சொந்தக்காரப் பையன் எடுத்துப்போவான். சொந்த உபயோக பாலிசியில் 'உபயோக வரம்பு' என்று ஒரு வரி இருக்கும். வாடகைக்கு ஓட்டினால் அந்த வரியை மீறியதாகும். வண்டிச் சேதத்துக்கு நிறுவனம் கையை விரித்துவிடலாம். அடிபட்டவருக்குப் பணம் கொடுக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டாலும், கொடுத்ததை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. இந்தியாவில் உயிரிழப்புக்கும் உடல் காயத்துக்கும் மூன்றாம் நபர் பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லை. நீங்கள் அபுதாபியில் ஷிஃப்டில் இருப்பீர்கள், ஊரில் உங்கள் பெயருக்குச் சம்மன் வரும். சாவியை யாரிடம் கொடுக்கிறீர்களோ அவரிடம் இதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போங்கள்.

யாருமே ஓட்டப்போவதில்லை, ஷெட்டில்தான் நிற்கும் என்றால், தீ, திருட்டு மட்டும் சேர்ந்த குறைந்த காப்பு கிடைக்குமா என்று முகவரிடம் கேளுங்கள். பாலிசியே இல்லாத வண்டியை ஒரு தெரு தூரம் எடுத்தாலும் குற்றம்தான், முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை.

நான் ஒருமுறை 14 மாதம் கழித்து ஊருக்கு வந்தேன். என் வண்டியின் தார்ப்பாயை விலக்கிக் கதவைத் திறந்தபோது கீல் முனகியது. கால்மிதியைத் தூக்கினால் தகரம் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து கையோடு வந்தது. பேட்டரி முனையில் நீலப் பச்சையாகப் பூத்திருந்தது. எல்லாம் உப்புக் காற்று செய்த வேலை. துருவும் தேய்மானமும் எந்தப் பாலிசியிலும் வராது. பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்து, அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடித்து, வாரம் ஒருமுறை யாராவது என்ஜினை ஓடவிட ஏற்பாடு செய்வதுதான் வழி. மழைவெள்ளம் வேறு விஷயம். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வெள்ளச் சேதம் கம்ப்ரிஹென்சிவில் வரும். ஆனால் தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து அது பிடித்துக்கொண்டால், என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு இல்லாதவருக்குப் பணம் வராது. "தண்ணீர் ஏறிவிட்டால் சாவியைத் தொடாதே, நாலு பக்கமும் போட்டோ எடு, நிறுவனத்துக்குப் போன் பண்ணு, வண்டியைக் கட்டி இழுத்துப் போகச் சொல்." வீட்டில் இருக்கிறவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

மூன்றாம் படி: உரிமத்தைச் சரிசெய்யுங்கள்

உரிமம் சரியில்லை என்றால் காப்பீடு கண்ணாடிப் பெட்டி மாதிரி, ஒரே தட்டில் உடைந்துவிடும். இந்திய உரிமம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். முடிவதற்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடத்துக்குள்ளும் புதுப்பிக்கலாம். அதற்குமேல் போனால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டுமென்றால் படிவம் 4ஏ, பாஸ்போர்ட், விசா நகல், 1,000 ரூபாய் கட்டணம். ஒரு வருடம் செல்லும். ஆனால் அதை வைத்து என்ன செய்யலாம் என்பதில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. அமீரகத்தில் சுற்றுலா விசாவில் இருக்கும்வரை அதை வைத்து வாடகைக் கார் ஓட்டலாம். குடியிருப்பு விசா அடித்த நாளிலிருந்து அது செல்லாது. அந்த நாட்டு உரிமம் எடுக்க வேண்டும். இந்திய உரிமம் உள்ளவர்களுக்கு வகுப்பில்லாமல் நேரடியாகத் தேர்வுக்குப் போக துபாயில் 'கோல்டன் சான்ஸ்' என்று ஒரே ஒரு வாய்ப்பு தருகிறார்கள். இடப்பக்க ஸ்டியரிங், வலப்பக்கச் சாலை, ரவுண்டபவுட் எல்லாம் புதிது என்பதால், சில வகுப்புகளாவது எடுத்துக்கொண்டு அதை முயலுங்கள் என்பது என் கருத்து.

கிளம்புமுன் இன்னொரு காகிதம்: உங்கள் இந்தியக் காப்பீட்டு நிறுவனத்திடம் கடந்த வருடங்களின் கிளைம் விவரக் கடிதம். அங்குள்ள சில நிறுவனங்கள் அதைப் பார்த்துக் கொஞ்சம் குறைக்கும், சில பார்க்கவே பார்க்காது. வாங்கி வைப்பதில் நட்டமில்லை.

நான்காம் படி: போன புதிதில் யார் காரையும் தொடாதீர்கள்

ரூமில் ஒருவருக்குக் கார் இருக்கும். வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகு, "மச்சான், நீ ஊரில் ஓட்டுவாய்தானே, பார்க்கிங்கிலிருந்து எடுத்து வா" என்பார். அந்த நாட்டு உரிமம் கைக்கு வரும்வரை அந்தச் சாவியை வாங்காதீர்கள். அமீரகச் சட்டத்தில் உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்தானால், காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை நம்மிடம் திரும்பக் கேட்கலாம். குடித்து ஓட்டினாலும் அப்படித்தான். அங்கே உயிரிழப்புக்குத் தரவேண்டிய தியா தொகை மட்டும் 2 லட்சம் திர்ஹாம். நம் ஆட்கள் பலர் வருடக்கணக்கில் மிச்சம்பிடித்தாலும் சேராத பணம் அது. ஒரு நிமிடப் பார்க்கிங் உதவிக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: அங்கே கார் வாங்கும்போது பாலிசியைப் படிக்கும் முறை

அமீரகத்தில் 2017 ஜனவரி முதல் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரியான இரண்டு பாலிசிதான்: ஒன்று மூன்றாம் நபர் பொறுப்பு, மற்றது வண்டிக்கான இழப்பும் சேதமும். மூன்றாம் நபர் பாலிசியில் பொருள் சேதத்துக்கு 20 லட்சம் திர்ஹாம் வரை. உயிருக்கும் உடம்புக்கும் நீதிமன்றம் சொல்லும் தொகை. பாலிசி பொதுவாக 13 மாதம் இருக்கும். கடைசி 30 நாள் முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிப்பதற்கான அவகாசம். சவூதியில் மூன்றாம் நபர் வரம்பு 1 கோடி ரியால்.

எதை எடுப்பது? வண்டி பேங்க் லோனில் என்றால் பேங்கே கம்ப்ரிஹென்சிவ்தான் கேட்கும். 10 வருடம் ஓடிய பழைய கேம்ரி, கைக்காசில் வாங்கியது என்றால் மூன்றாம் நபர் போதும் என்பார்கள். நான் அதை உடனே ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வண்டி போனால் நாளைக்கே அதே விலைக்கு இன்னொன்று வாங்க உங்களால் முடியுமா? முடியும் என்றால் மூன்றாம் நபர் போதும். அந்த வண்டியை வைத்துத்தான் வேலைக்குப் போகிறீர்கள், ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், சேதக் காப்பும் எடுங்கள்.

2024 ஏப்ரல் 16ஆம் தேதி இதற்குப் பாடம் சொன்னது. அன்று அமீரகத்தில் பெய்தது அந்த நாட்டின் பதிவுகளிலேயே இல்லாத மழை. அல் ஐன் பக்கம் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர். ஷார்ஜாவிலும் துபாயிலும் கார்கள் கூரைவரை மூழ்கின. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கம்ப்ரிஹென்சிவ் இருந்தும், இயற்கைச் சீற்றத்துக்கான காப்பைச் சேர்க்காதவர்கள் சிக்கினார்கள். ஆகவே கையெழுத்துப் போடுமுன் அந்த வார்த்தை காகிதத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். வாயால் சொல்வது போதாது.

என் மருமகனிடம் ஒரு பழைய பாலிசியைக் கொடுத்து, முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்துப் படிக்கச் சொன்னேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் பெயர், உரிம எண், சேஸிஸ் எண். ஒரு எழுத்து தவறினாலும் அன்றே திருத்தச் சொல்லுங்கள். அடுத்து வண்டியின் காப்பு மதிப்பு. அதற்குக் கீழே எக்சஸ், அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நாம் கையிலிருந்து கட்டும் முதல் தொகை. பிரீமியம் மலிவாக இருந்தால் எக்சஸ் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், உரிமம் எடுத்து ஒரு வருடம் ஆகாதவர்கள் ஓட்டினால் எக்சஸ் கூடும், சில பாலிசியில் காப்பே மாறும். புதிதாக உரிமம் எடுத்த நம் பையன்களுக்கு இந்த வரி முக்கியம்.

அப்புறம் ரிப்பேர் எங்கே என்பது. 'ஏஜென்சி ரிப்பேர்' என்றால் கம்பெனி ஒர்க்‌ஷாப். இல்லையென்றால் காப்பீட்டு நிறுவனம் சொல்லும் கராஜ். புது வண்டிக்கு முதலாவதும், பழையதற்கு இரண்டாவதும் சரி. அடுத்து எல்லை: ஓமன் சேர்ந்திருக்கிறதா? கரீஃப் என்னும் மழைக்காலத்தில் ஓமனின் சலாலாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறோம். ஓமனுக்குள் செல்லும் காப்பும் அதற்கான ஆரஞ்சு கார்டும் இல்லாமல் எல்லையைத் தாண்டினால் அங்கே உங்கள் பாலிசி வெறும் தாள். பாலைவன மணலில் ஓட்டுவதும் அப்படித்தான், தனியாக எழுதியிருந்தால்தான் காப்பு.

மூன்றாம் நபர் பாலிசி ஓட்டுகிற உங்களுக்கு ஒன்றும் தராது. ஓட்டுநருக்கும் பயணிகளுக்குமான தனிநபர் விபத்துக் காப்பு கூடுதலாகச் சேர்ப்பது. குடும்பத்தோடு இருப்பவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

ஊரில் ஒயிட் போர்டு வாடகை என்றேனே, அங்கே அதன் பெயர் கார் லிஃப்ட். ஷார்ஜாவிலிருந்து ஜெபல் அலிக்கு நாலு பேரை மாதக் கணக்கில் ஏற்றிப் போய்ப் பணம் வாங்குவது. அனுமதி இல்லாமல் செய்தால் அபராதம் ஒருபக்கம், சொந்த உபயோகப் பாலிசி ஒத்துக்கொள்ளாதது மறுபக்கம். பெட்ரோல் செலவைச் சமாளிக்கத்தான் என்று நல்ல பிள்ளைகளே செய்கிறார்கள். பின் சீட்டில் இருப்பவருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்று ஒரு தடவை யோசித்தால் செய்ய மாட்டார்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவில் அடிபட்டு, கப்பலில் வந்து, ஷார்ஜாவில் பூசி மெழுகி விற்கும் கார்கள் உண்டு. விலை ஆசை காட்டும். ஜிசிசி ஸ்பெக் இல்லாத, அதாவது வளைகுடா நாடுகளுக்கென்று தயாரிக்காத, இத்தகைய வண்டிகளுக்குக் கம்ப்ரிஹென்சிவ் கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்கும். பணத்தைக் கொடுக்குமுன் சேஸிஸ் எண்ணை வைத்துக் காப்பீட்டு விலை கேளுங்கள். நிறுவனங்கள் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் பாதி விலைக்குப் பாலிசி தருகிறேன் என்று வருகிறவரிடம் வாங்கவே வேண்டாம். அமீரகத்தில் காப்பீட்டு நிறுவனங்களை இப்போது மத்திய வங்கி கண்காணிக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பெயர்ப் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது.

ஆறாம் படி: விபத்து நடந்த அன்று

என் முதல் விபத்து துபாய் கிசைஸில், ஒரு சிக்னலில். முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது என்று நினைத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். அது நகரவில்லை. மெதுவான 'டொப்' சத்தம்தான். இறங்கிப் பார்த்தால் அவருடைய பம்பரில் என் நம்பர் பிளேட்டின் திருகாணி பதிந்த இரண்டு புள்ளி. அவர் பாகிஸ்தான்காரர், நல்ல மனிதர். "பாய், நூறு திர்ஹாம் கொடு, போய்விடலாம்" என்றார். எனக்கும் அதுதான் சுலபமாகப் பட்டது. பின்னாலிருந்த வண்டிக்காரர், மலையாளி, இறங்கி வந்து, "போலீஸ் பேப்பர் இல்லாமல் நாளைக்கு எந்த கராஜும் தொடாது" என்று சொல்லித் தடுத்தார். அவர் சொன்னது சரி. அங்கே போலீஸ் அறிக்கை இல்லாமல் அடிபட்ட வண்டியைச் சரிசெய்யக் கூடாது, காப்பீடும் பேசாது. போலீஸ் வந்து இரண்டு வண்டியையும் பார்த்து, அவருக்குப் பச்சைத் தாளும் எனக்குச் சிவப்புத் தாளும் கொடுத்தார். பச்சை வாங்கியவர் என் நிறுவனத்தில் போய்க் கேட்டுச் சரிசெய்துகொண்டார். தவறு என் பக்கம் என்பதால் என் வண்டிக்கு எக்சஸ் கட்டினேன்.

இன்று துபாயில் சிறு விபத்துகளைப் போலீஸ் செயலியிலேயே பதியலாம். முறை மாறவில்லை: காயம் இல்லையென்றால் போக்குவரத்தை மறிக்காமல் ஓரம் கட்டுங்கள், போட்டோ எடுங்கள், போலீஸில் பதியுங்கள், அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள், அதை வைத்து நிறுவனத்தில் கிளைம் போடுங்கள். காயம் இருந்தால் வண்டியை நகர்த்தாமல் போலீஸையும் ஆம்புலன்ஸையும் அழையுங்கள். நிறுத்தி வைத்த வண்டியை யாரோ இடித்துவிட்டுப் போயிருந்தாலும் அன்றே பதிய வேண்டும். வாடகைக் காருக்கும் இதே விதி. சவூதியில் காயமில்லாத விபத்துக்கு நஜ்ம் நிறுவனத்தின் ஆள் வந்து, தவறு யார் பக்கம் எத்தனை சதவீதம் என்று பிரித்து எழுதுவார். அந்தச் சதவீதம்தான் பணத்தை முடிவு செய்யும்.

மொழி தெரியாத பதற்றத்தில் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிக் கையெழுத்துப் போடாதீர்கள். அரபியில் எழுதியிருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சேதம் பெரிதானால் வண்டி 'டோட்டல் லாஸ்' ஆகும், அதாவது சரிசெய்யாமல் முழு இழப்பாகக் கணக்கிட்டுப் பணம் தருவார்கள். இந்தியாவில் ரிப்பேர் செலவு காப்பு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்ட வேண்டும், அமீரகத்தில் வண்டி மதிப்பில் 50 சதவீதத்தைத் தாண்டினாலே போதும். லோன் பாக்கி இருந்தால் பணம் முதலில் பேங்குக்குப் போகும்.

ஏழாம் படி: கிளைமை மறுத்தால்

என் ரூம்மேட்டுக்கு ஒரு நிறுவனம் போனிலேயே "கிடையாது" என்று சொல்லிவிட்டது. அவர் சோர்ந்துபோய் விட்டுவிட்டார். விடக் கூடாது. மறுப்பை எழுத்தில், எந்த ஷரத்தின்படி என்று கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் சரிவராவிட்டால் அமீரகத்தில் சனதக் என்ற குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது, வங்கி, காப்பீட்டுப் புகார்களுக்காகவே அமைத்தது. இந்தியப் பாலிசிக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார்த் தளமும், சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகமும் உண்டு. ஊர் வண்டிப் புகாரையும் வெளிநாட்டிலிருந்தே இணையத்தில் போடலாம்.

வளைகுடா அல்லாத நாடுகளுக்குப் போகிறவர்கள்

மலேசியாவில் கிளைம் இல்லாத தள்ளுபடி 55 சதவீதம் வரை ஏறும். ஆனால் வெள்ளச் சேதம் சாதாரணக் கம்ப்ரிஹென்சிவில் வராது, கூடுதலாகச் சேர்க்க வேண்டும். சிங்கப்பூரில் எவ்வளவு சிறிய விபத்தானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் இந்திய உரிமத்தில் 12 மாதம் ஓட்டலாம், அதற்குப் பிறகு அவர்கள் தேர்வில் தேற வேண்டும். அங்கே பாலிசியில் பெயர் எழுதியிருப்பவர்தான் ஓட்டலாம், நம்மூர் மாதிரி உரிமம் உள்ள யாரும் எடுக்க முடியாது. நண்பர் சாவி கொடுத்தால் முதலில் பாலிசியில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசிப் படி: ஊர் திரும்பும்போது

வேலை முடிந்து வரும் அவசரத்தில் வண்டியை நண்பரிடம் விட்டுவிட்டு, "நீயே விற்று அனுப்பு" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. அங்கும் பதிவில் உங்கள் பெயர்தான் இருக்கும், முஹாலபா (போக்குவரத்து அபராதம்) எல்லாம் உங்கள் பெயரில்தான் விழும். சவூதியில் உங்கள் பெயரில் வண்டி இருந்தால் நாட்டை விட்டு ஒரேயடியாகக் கிளம்புவதற்கான ஃபைனல் எக்ஸிட்டே அடிக்க முடியாது. பெயரை மாற்றி, அந்தக் காகிதத்தைக் காட்டிப் பாலிசியை ரத்து செய்யுங்கள். மீதி மாதங்களுக்கு ஒரு பகுதிப் பிரீமியம் திரும்ப வரும். அது வந்துசேரும்வரை பேங்க் கணக்கை மூடாதீர்கள்.

அந்த வண்டியையே ஊருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். வளைகுடாக் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம். பழைய வண்டியை இந்தியாவுக்கு இறக்குமதி செய்ய வலப்பக்க ஸ்டியரிங் வேண்டும். பேச்சு அங்கேயே முடிந்தது.

நிறுவனத்திடம் நோ கிளைம் கடிதம் மட்டும் மறக்காமல் வாங்குங்கள், ஆங்கிலத்தில், பாலிசி எண், தேதிகள், முத்திரையோடு. வெளிநாட்டுப் பாலிசி முடிந்து 3 வருடத்துக்குள் இந்தியாவில் புதுப் பாலிசி எடுத்தால் அந்தக் கடிதத்தைக் காட்டித் தள்ளுபடி கேட்கலாம். நம்மூர் முகவர்கள் பலருக்கு இது பழக்கமில்லை, "அப்படியெல்லாம் இல்லை காக்கா" என்பார்கள். கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மருமகன் போய் இப்போது நான்கு மாதம் ஆகிறது. போகுமுன் ஸ்விஃப்ட்டை விற்கவில்லை, தம்பி பெயருக்கு மாற்றினான். போன வாரம் துபாயிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான், பழைய கரோலா ஒன்றுக்கு வந்த காப்பீட்டு விலைத்தாள். இயற்கைச் சீற்றம் என்ற வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "மாமா, இது இதில் இருக்கிறது, ஓமன் இல்லை. சேர்க்கட்டுமா?" என்று கேட்டிருந்தான். சலாலா போவதாக இருந்தால் அப்போது சேர்த்துக்கொள், இப்போது அந்தக் காசில் பயணிகள் காப்பைச் சேர் என்று பதில் அனுப்பினேன்.